ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்கம்: நாகர்கோவில் தோல் மருத்துவமனையில் ஏழு மாதங்கள்

நான் 31 ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டியவன். அதில் 19 ஆண்டுகள் ஒரே தடம்: நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூர். ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வயது 63. முகத்துக்காக மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பேத்தியின் காதுகுத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மகள்தான் இரண்டு படங்களை எடுத்து அருகருகே வைத்தாள். இடப்பக்கமிருந்து எடுத்ததில் என் தம்பியைப் போல இருக்கிறேன். வலப்பக்கமிருந்து எடுத்ததில் இறந்துபோன என் அப்பாவைப் போல இருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே பந்தலில், கால் மணி நேர இடைவெளியில் எடுத்தவை.

நாகர்கோவில் செட்டிகுளம் சந்திப்பிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு தனியார் தோல் மருத்துவமனையில் ஆவணி தொடங்கிப் பங்குனி வரை சிகிச்சை எடுத்துக்கொண்டேன். விளம்பரமாகிவிடக் கூடாது என்று மருத்துவரே கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. வயதான தோலில் வெயில் செய்துவிட்ட கேட்டுக்கு அங்கே என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது, கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெயிலில் பிழைத்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். முட்டத்திலும் குளச்சலிலும் கடலுக்குப் போகிறவர்கள், புத்தளத்து உப்பளங்களில் நின்றவர்கள், தோவாளைப் பக்கம் பூப்பறிக்கும் பெண்கள் என்று எல்லாரும் என் மனத்தில் இருக்கிறார்கள்.

அங்கே போவதற்கு முன்னால் செய்த தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு மருந்துக்கடையில் கன்னத்துக் கறுப்புத் திட்டைக் காட்டி, மங்குக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். எல்லாரும் வாங்குவது என்று ஒரு டியூபைக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்கும் நானே சொல்லிக் கொடுத்தேன். அது இன்றைக்கும் எனக்கு வருத்தம். நான்காவது மாதம் டியூபை நிறுத்தினால் முகம் எரிந்தது, பூசினால் அடங்கியது. மூக்கின் இரு பக்கமும் சிவப்பு நூல் போல நரம்புகள் தெரிந்தன. கறுப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்ததைப் பிறகுதான் படித்தேன். அதில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் இரண்டோடு மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது. மருத்துவரின் கண்காணிப்பில் சில வாரங்கள் மட்டும் பூச வேண்டியதை நான் பவுடர் போலப் பூசியிருக்கிறேன்.

மருத்துவமனை இரண்டாவது மாடியில் இருக்கிறது. மின்தூக்கி கிடையாது. மாலை நான்கு மணிக்கு டோக்கன் கொடுக்கிறார்கள். முதல் நாள் எனக்குக் கிடைத்தது 27. உள்ளே போனபோது மணி ஏழு. முழங்கால் வலியோடு ஏறி வந்து, நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்ற ஒரு பாட்டியை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வயதானவர்களுக்கு மட்டுமாவது நேரம் குறித்துக் கொடுக்கலாம். கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்கள், மாறவில்லை.

உள்ளே போன பிறகு அந்த மூன்று மணி நேரத்தை மறந்துவிட்டேன். மருத்துவர் நாற்பது வயதை ஒட்டிய பெண். டியூபைக் காட்டியதும் அவர் முகம் வாடியது, திட்டவில்லை. முகத்தைக் கழுவி, கையால் ஒற்றிவிட்டு வரச் சொன்னார். தோர்த்தால் (துண்டால்) துடைக்கக் கூடாதாம். அதன் நூல், பவுடர், சோப்பு எதுவானாலும் அடுத்து அவர் பிடிக்கப்போகும் விளக்கில் பளிச்சிட்டுக் கண்ணை ஏமாற்றும் என்றார். பிறகு அறையின் விளக்குகளை எல்லாம் அணைத்து, கதவிடுக்கில் ஒரு துணியைச் செருகினார். ஊதா வெளிச்சம் வந்தது. வுட்ஸ் விளக்கு என்று பெயராம். ராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1903-இல் உருவாக்கிய வடிகட்டியிலிருந்து வந்தது. 365 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா ஒளி மேல்தோலில் இருக்கும் கறுப்பை இன்னும் கறுப்பாக எடுத்துக் காட்டுகிறது. ஆழத்தில் இருக்கும் கறுப்பு அப்படி மாறுவதில்லை. எது மேலே, எது ஆழத்தில் என்று தெரிந்தால்தான் எதற்கு மருந்து வேலை செய்யும் என்று சொல்ல முடியும். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் இந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதையும் அவரே சொல்லிவிட்டு, டெர்மடாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியைத் தோலில் ஒட்டவைத்து ஒவ்வொரு திட்டாகப் பார்த்தார்.

அதன்பின் இன்னொரு பெட்டியில் தாடையைப் பதித்து, கண்ணை மூடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். புற ஊதா ஒளியில் எடுக்கும் படம் அது. அதற்குத் தனியாக 800 ரூபாய். முன்கூட்டியே சொல்லாமல் பில்லில் சேர்த்தது சரியில்லை என்று அன்றே சொன்னேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபின் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

படம் கறுப்பு வெள்ளை. இடது கன்னத்தில் அங்கங்கே சில புள்ளிகள். வலது கன்னமோ முட்டம் கடற்கரையில் தூறல் விழுந்து முடிந்த மணலைப் போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் தெரியாத புள்ளிகள், நூற்றுக்கணக்கில், நெற்றிப்பொட்டிலிருந்து கழுத்து வரை. அதற்கு நடுவே ஒரு மெல்லிய வெளிர் கோடு, கண்ணோரத்தில் தொடங்கி நேராகக் காது வரை போனது. அது என்ன என்று மருத்துவர் குனிந்து பார்த்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் மூக்குக்கண்ணாடியின் காம்பு. அத்தனை ஆண்டுகளில் அந்தக் காம்பு மறைத்த இடம் மட்டும் தப்பியிருக்கிறது. ஈர்க்குச்சி அகல நிழல். நான் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தேன்.

எந்தத் தடம் ஓட்டினீர்கள் ஐயா என்று அவர் கேட்டபோதுதான் நானே அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் வடசேரியில் வண்டியை எடுத்தால் சாலை வடமேற்காகப் போகிறது. கிழக்கே ஏறிய வெயில் பின்னாலிருந்து வலப்பக்கமாக வந்து விழும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டுவதற்குள் வலது காது சுட்டுவிடும். தம்பானூரில் சாயா குடித்துவிட்டுப் பிற்பகலில் திரும்பினால் சாலை தென்கிழக்கு. சூரியன் அதற்குள் மேற்கே சாய்ந்திருக்கும். மறுபடியும் என் வலப்பக்கம்தான். பயணிகள் வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து இடம் மாறிக்கொள்வார்கள். ஓட்டுநருக்கு ஒரே இருக்கை.

முன் கண்ணாடி வழியாக வந்த வெயில் அவ்வளவு கெடுத்திருக்காது என்றார் மருத்துவர். அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி. புற ஊதாவில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பக்கத்து ஜன்னல் அப்படிப்பட்டது அல்ல. அதை மூடியிருந்தாலும் புற ஊதாவின் ‘ஏ’ வகைக் கதிர் உள்ளே வரும். நான் மூடியதே இல்லை. ‘பி’ வகைக் கதிர் மேல்தோலைச் சுடுகிறது. அதை உடனே உணர்கிறோம். ‘ஏ’ வகை சுடாது. ஆழமாக இறங்கித் தோலைத் தாங்கும் நார்களை மெல்ல மெல்ல அறுக்கிறது. மேகத்தையும் துளைத்து வருகிறது. வெள்ளைத் தோலில் இந்தக் கேடு சீக்கிரமே சுருக்கமாக வெளியே தெரிகிறது. நம் தோலில் முதலில் கறுப்புத் திட்டாக வருகிறது, சுருக்கம் பிந்தி வருகிறது. அதனால்தான் நாம் வயது, உழைப்பு என்று சொல்லிக் கடந்துபோய்விடுகிறோம். எட்டு டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது.

இந்த மருத்துவரை நான் நம்பத் தொடங்கியது, என் முகத்தில் இருந்ததை எல்லாம் வெயிலின் கணக்கில் எழுதாததால்தான். கன்னத்தில் தட்டையாக இருந்த பழுப்புத் திட்டுகள் வெயில் தந்தவை. கண்ணுக்குக் கீழே மிளகு போல எழும்பி நின்றவை பெரும்பாலும் குடும்ப வழி. எடுக்கவும் செய்யலாம், விட்டுவிடவும் செய்யலாம், கெடுதல் இல்லை. விட்டுவிட்டேன். கிருதாவை ஒட்டிய சாம்பல் நிறம் தலைச்சாயத்தால் வந்திருக்கலாம் என்று சொல்லி, சாயத்தை நிறுத்தச் சொன்னார். பின்கழுத்தில் தடித்து வெல்வெட் துணி போலக் கறுத்திருந்ததைத் தொட்டுப் பார்த்து, “இது வெயில் இல்லை ஐயா, சர்க்கரையைப் பாருங்கள்” என்றார். மூன்று மாதச் சராசரி காட்டும் இரத்தப் பரிசோதனையில் 6.2 வந்தது. சர்க்கரை நோய்க்கு முந்திய படியில் நிற்கிறேன் என்பது ஒரு தோல் மருத்துவரால் எனக்குத் தெரியவந்தது. நான் சாப்பிட்டுவந்த இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையையும் வாங்கிப் பார்த்தார். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருந்தது. தோல் வெயிலைத் தாங்கும் வலுவைக் குறைக்கும் மருந்து அது. அவராக நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரை எழுதியவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். அவர் மாற்றிக் கொடுத்தார்.

கடைசியில் செருப்பைக் கழற்றி உள்ளங்கால்களைக் காட்டச் சொன்னார். நம் நிறத்தவர்களுக்குக் கொடிய தோல் புற்று வந்தால் முகத்தைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவதே அதிகம் என்றார். காதின் மேல்விளிம்பையும் கீழுதட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். ஆறாத புண், தானே கசியும் இரத்தம், நிறமோ வடிவமோ மாறிக்கொண்டே போகும் புள்ளி எதையும் அழகு சிகிச்சைக்காரர்களிடம் காட்டக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். என் கால்களில் பித்தவெடிப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

சிகிச்சை மெதுவானது. முதல் ஆறு வாரம் பழைய டியூபின் விஷம் இறங்குவதற்கு மட்டும். ஈரப்பதக் களிம்பும் சன்ஸ்க்ரீன் என்ற வெயில் தடுப்புக் களிம்பும் தவிர வேறொன்றும் இல்லை. மூன்று வாரம் முகம் மிளகாய் அரைத்த கை போல எரிந்தது. இந்த இடத்தில்தான் பலர் பழைய டியூபுக்குத் திரும்பிப் போகிறார்களாம். எனக்கும் அந்த ஆசை வந்தது. பிறகு இரவில் அசெலெயிக் அமிலக் களிம்பு. அடுத்து வாரம் இரண்டு இரவு மட்டும் குறைந்த அளவு டிரெட்டினாயின், பட்டாணி அளவு. கார்த்திகையிலிருந்து மூன்று வார இடைவெளியில் நான்கு முறை கிளைக்காலிக் அமிலத்தைத் தூரிகையால் பூசிச் சில நிமிடங்களில் கழுவினார்கள். எறும்பு ஊர்வது போல இருக்கும், பிறகு கடிப்பது போல ஆகும். உடனே அமிலத்தை முறித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது முறை எனக்கு ஒரு கெடுதல் நடந்தது. அன்று காலையில் சவரம் செய்துவிட்டுப் போயிருந்தேன். அமிலம் பட்டதும் தாடையோரம் புண்ணாகி, ஆறியபோது ஒரு கறுப்புத் தடம் விட்டுவிட்டது. முன்னெச்சரிக்கைத் தாளில் இருந்ததே என்றார்கள். தாள் முழுவதும் ஆங்கிலம். இத்தனை பேர் தமிழில் பெயர்ப்பலகை படித்து வந்து சேரும் இடத்தில், முகத்தில் அமிலம் பூசும் முன் கொடுக்கும் தாள் தமிழில் இல்லாதது பெரிய குறை. மருத்துவரிடமே சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது முறை போனபோது தமிழில் அச்சடித்த தாள் இருந்தது, எழுத்தும் பெரிதாக இருந்தது. தாடைத் தடம் மறைய மூன்று மாதம் பிடித்தது.

லேசர் வேண்டாம் என்றது அவர்தான். வேறோர் இடத்தில் விசாரித்தபோது ஆறு முறைக்கு 36,000 ரூபாய் என்று முன்பணமே கேட்டார்கள். நம் நிறத்தில் சூடு சற்றுக் கூடினாலும் அந்த இடமே மேலும் கறுத்துவிடும், மங்குக்கு லேசர் கடைசிப் படி என்று இவர் சொன்னார். அவரிடமும் லேசர் கருவி இருக்கிறது. இருந்தும் சொன்னார்.

சன்ஸ்க்ரீனைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் பலன் தந்ததில் பெரும்பங்கு அதற்கே. எஸ்பிஎஃப் என்ற வெயில் தடுப்பு அளவு 50, அயர்ன் ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள வகை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலைக் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுப்பதில்லை, அயர்ன் ஆக்சைடு தடுக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் ஒருமுறை முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. வெளியே நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். வீட்டோடு இருக்கும் எனக்குக் காலையும் நண்பகலும் போதும். அந்தக் கணக்கில் 50 கிராம் டியூப் ஏறத்தாழ 25 நாட்களில் தீர்ந்துவிடுகிறது. ஒரு டியூப் மூன்று மாதம் வருகிறது என்று யாராவது சொன்னால், அவர் தேவையான அளவு பூசவில்லை என்று பொருள். ஐப்பசி மழையில் வானம் மூடிக்கிடந்ததால் இரண்டு வாரம் விட்டுவிட்டேன். அடுத்த முறை பார்த்ததும் மருத்துவர் கண்டுபிடித்துவிட்டார்.

டியூப் விலை 850 ரூபாய். நிறத்தில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. மூன்று நிறம் வருகிறது. மூன்றும் கோதுமை நிறத்தவர்களுக்கானவை. என் முகத்தில் பூசினால் செம்மண் தூசு படிந்தது போலத் தெரிகிறது. வெள்ளைச் சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டு எளிதில் போவதில்லை. வெயிலில் அதிகம் நிற்பவர்கள் கறுத்தவர்கள்தான். அவர்களுக்கு ஏற்ற நிறத்தில் செய்யாமல் யாருக்குச் செய்கிறார்கள்?

ஏழு மாதத்தில் செலவு, ஆலோசனைக் கட்டணம், இரண்டு படம், நான்கு அமிலப் பூச்சு, களிம்புகள், சன்ஸ்க்ரீன் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 21,000 ரூபாய். ஓய்வூதியக்காரனுக்கு இது சிறிய தொகை இல்லை. முடியாதவர்கள் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். மருந்துக்கடையில் முகத்தைக் காட்டுவதற்கு அது ஆயிரம் மடங்கு மேல். குடை, அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு தோர்த்து ஆகியவற்றுக்கும் பெரிய செலவில்லை.

பலன்: தட்டையான பழுப்புத் திட்டுகள் என் கண்ணுக்குப் பாதிக்குமேல் மங்கியிருக்கின்றன. மூக்கோரச் சிவப்பு நரம்புகள் சில அப்படியே நிற்கின்றன. கழுத்தின் வலப்பக்கத்துச் சுருக்கமும் தடிப்பும் கொஞ்சமும் மாறவில்லை. மாறாது என்று முதல் நாளே சொன்னார். பங்குனியில் எடுத்த இரண்டாவது படத்தில் வலது கன்னத்துப் புள்ளிகள் குறைந்திருக்கின்றன, போய்விடவில்லை. கண்ணாடிக் காம்பின் கோடு இன்னும் தெரிகிறது, முன்பைவிட மங்கலாக.

என் அக்கா மகன் இப்போது அதே தடத்தில் ஓட்டுகிறான். வயது 34. இரண்டு படங்களையும் அவனிடம் காட்டினேன். “மாமா, எனக்கும் இப்படி இருக்குமா?” என்று கேட்டு, வலது கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வலது கைக்கு நீண்ட கையுறையும் ஒரு டியூப் சன்ஸ்க்ரீனும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வரும் திங்கள்கிழமை அவனுக்கு விடுப்பு. மூன்றரை மணிக்கே போய் இரண்டு டோக்கன் எடுத்துவைக்கப் போகிறேன்.